கண்ணாடி இறங்குகிறது, ஏற மாட்டேன் என்கிறது. மோட்டார் போய்விட்டதா?

அல்சூர்க்காரன் | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது வருஷப் பழைய ஹேட்ச்பேக், பெட்ரோல், நான்கு கதவிலும் பவர் விண்டோ. கம்பெனி பெயர் வேண்டாம், எந்த வண்டிக்கும் வரக்கூடிய கதைதான்.

சனிக்கிழமை மாலை சில்க் போர்டு பக்கம் வண்டிகள் நகராமல் நின்றபோது, முன் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மகள் வேர்க்கடலை வாங்கக் கண்ணாடியை இறக்கினாள். கடலை உள்ளே வந்தது, கண்ணாடி மேலே வரவில்லை. மடிவாளா தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் குடை பிடித்துக்கொண்டு வந்த குடும்பம் பெங்களூரிலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

நிலைமை இதுதான். இடக் கதவில் உள்ள சுவிட்சை அழுத்தினால் இறங்குகிறது. ஏற்றப் பார்த்தால் சத்தமே இல்லை. என் கதவில் இருக்கும் சுவிட்சில் அந்தக் கண்ணாடியை ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. மற்ற மூன்றும் ஒழுங்காக வேலை செய்கின்றன.

நடுவில் ஒரு வேடிக்கை. ஆடுகோடியில் டயருக்குக் காற்று பிடிக்க நிறுத்தினேன். நான் இறங்கிக் காற்றுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது மகள் சும்மா அழுத்த, கண்ணாடி விறுவிறுவென்று மேலே போய்விட்டது. சரியாகிவிட்டதாக்கும் என்று வீட்டுக்கு வந்து மறுபடி இறக்கிப் பார்த்தேன். என் புத்தியை என்ன சொல்ல. மறுபடி அதே கதை. இப்போது குப்பைப் பையை ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்று காலை ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். சுவிட்சை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "மோட்டார் வீக் சார், அசெம்பிளியோடு மாற்ற வேண்டும்" என்றார்கள், அதாவது மோட்டாரும் அதோடு சேர்ந்த சாமானும் மொத்தமாக. கூலியோடு 7,400 ரூபாய், சாமான் வர நான்கு நாள். மாற்றிவிடலாமா, இல்லை வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

புதுவண்டி | திங்கள், இரவு 9:58

ஃபியூஸ் பார்த்தீர்களா சார்? எனக்கு ஒருமுறை ஃபியூஸ்தான் போயிருந்தது, இருபது ரூபாயில் முடிந்தது.

கண்ணாடி வைத்தியன் | திங்கள், இரவு 10:31

ஃபியூஸ் போயிருந்தால் இறங்கவும் இறங்காது. அதை விடுங்கள்.

நான் ஜே.சி. ரோட்டில் டோர் வேலை பார்க்கிறவன். கதவைக் கழற்றுவதற்கு முன்னால் காதைக் கதவில் வையுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. அழுத்தும்போது மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டு, கண்ணாடி அசையவில்லை என்றால் ரெகுலேட்டர், அதாவது மோட்டார் சுற்றுவதைக் கொண்டு கண்ணாடியை ஏற்றி இறக்குகிற அமைப்பு, போய்விட்டது என்று அர்த்தம். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் கேபிள் வகைதான். மோட்டார் ஒரு சின்ன உருளையைச் சுற்றும், அதில் சுற்றிய எஃகுக் கேபிள் தண்டவாளத்தின் மேலும் கீழும் இருக்கிற கப்பிகளில் ஓடி, கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கியை இழுக்கும். அந்தத் தாங்கி உடையும், கப்பி விரியும், கேபிள் ஒவ்வொரு இழையாக அறும். கரகரவென்று சத்தம் வந்து கண்ணாடி தொப்பென்று கதவுக்குள் விழுந்தால் மறுபடி சுவிட்சைத் தொடாதீர்கள். கேபிள் உருளையில் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும், அப்புறம் மோட்டாரும் சேர்ந்து போகும். பழைய வண்டிகளில் கத்தரிக்கோல் மாதிரி இரும்புக் கை இருக்கும். அது தேய்ந்தால் ஆடும், கத்தும், ஆனால் சட்டென்று கைவிடாது.

கண்ணாடி மெதுவாக, நோயாளி படியேறுகிற மாதிரி போனால் ரப்பர் காய்ந்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் கரண்ட் போகவில்லை.

உங்கள் வண்டியில் இறங்குகிறதே! அப்படியானால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே மோட்டார்தான், கரண்ட் போகிற திசை மட்டும்தான் மாறும். இறக்கத் தெரிந்த மோட்டாருக்கு ஏற்றத் தெரியாமல் போகாது. பாரம் அதிகமாகி ஏற முடியாமல் போனால்கூட முனகலாவது கேட்கும். என் கணக்கு சுவிட்ச். ஏற்றுகிற பக்கத்துக் காண்டாக்ட் கருகியிருக்கும். பின் கதவு சுவிட்ச் பல வண்டிகளில் அதே அச்சுதான். மெல்ல நெம்பி எடுத்து, கப்ளரை (ஒயர்கள் வந்து சேருகிற பிளக்) மாற்றிச் செருகிப் பாருங்கள். காசு செலவில்லை.

அல்சூர்க்காரன் | செவ்வாய், இரவு 8:15

மாற்றிப் பார்த்தேன் அண்ணா. பின்பக்க சுவிட்சை முன்னால் போட்டாலும் அதேதான், இறங்குகிறது, ஏறவில்லை. முன்பக்க சுவிட்ச் பின்னால் போய் ஜம்மென்று வேலை செய்கிறது. சுவிட்ச் குற்றவாளி இல்லை.

கே.ஜி.எஃப். ரயில் | செவ்வாய், இரவு 8:47

அண்ணா, முதலில் கண்ணாடியை மேலே ஏற்றிவிடுங்கள், நோய் என்னவென்று அப்புறம் தேடலாம். தினமும் சாயங்காலம் மழை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கண்ணாடியை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து மேலே தள்ளச் சொல்வார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஒரு கை கொடுக்கும். ஓடாத மோட்டாரில் தள்ளினால் தோள்தான் போகும். உள்ளே திருகுப் பல்சக்கரம் இருக்கிறது. மோட்டார் சுற்றினால் கண்ணாடி நகரும், கண்ணாடியைத் தள்ளினால் மோட்டார் சுற்றாது. திருடன் கண்ணாடியைக் கையால் அமுக்கி இறக்க முடியாமல் இருப்பதும் அதனால்தான்.

டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்கப் பலகையை, கழற்றி மோட்டாரின் கப்ளரில் நேராகப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் ஏறிவிடும். ஒயரில் ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துக்கொள்ளுங்கள், தப்பித்தவறி இரண்டும் தொட்டுக்கொண்டால் கை சுடாது. ஏறவில்லை என்றால் இரண்டு ஒயரையும் மாற்றிப் பிடியுங்கள். உச்சியைத் தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும்.

அல்சூர்க்காரன் | செவ்வாய், இரவு 9:02

டோர் பேடைக் கழற்றினதே இல்லை. உடைத்துவிடுவேனோ என்று பயம்.

கண்ணாடி வைத்தியன் | செவ்வாய், இரவு 9:40

ஒரு கிளிப்பாவது உடையும், அதற்குத் தயாராக இருங்கள். உள்ளூர்க் கடையில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும், நான்கைந்து வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பேட் உடைவது பெரும்பாலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைக் கவனிக்காமல் இழுப்பதால்தான். உள்பக்கக் கைப்பிடிக்குப் பின்னால் சின்ன மூடி போட்டு ஒன்று இருக்கும். கதவை இழுத்துச் சாத்துகிற குழிக்குள் ஒன்று இருக்கும், சிலவற்றில் அதன் அடியில் ரப்பர் விரிப்பு வேறு. எல்லா ஸ்க்ரூவும் வந்துவிட்டதா என்று இன்னொரு முறை தடவிப் பாருங்கள். பிறகு கீழ் ஓரத்திலிருந்து, கிளிப்புக்குப் பக்கத்திலேயே விரலை விட்டு, தயங்காமல் வெளியே இழுக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுத்தால்தான் பிளாஸ்டிக் வளைந்து உடைகிறது. கிளிப்பெல்லாம் விட்ட பிறகு பேடை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி ஓரத்திலிருந்து கழன்று வரும். சுவிட்ச் கப்ளரும் கைப்பிடிக் கம்பியும் இன்னும் மாட்டியிருக்கும், பிய்த்துவிடாதீர்கள்.

உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒன்று கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் உரியுங்கள். தகரத்தின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையுறை அவசியம். கண்ணாடி வழியில் கையை வைத்துக்கொண்டு யாரையும் சுவிட்சை அழுத்தச் சொல்லாதீர்கள். எங்கள் பட்டறையில் ஒரு பையனுக்கு இரண்டு நகம் போனது.

அல்சூர்க்காரன் | புதன், இரவு 10:50

ஏறிவிட்டது!!

ஒரு கிளிப் உடைந்தது (அண்ணன் வாக்குப் பொய்க்கவில்லை). பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தேன். நான்கு செகண்டில் ராக்கெட் மாதிரி மேலே. மாற்றிக் கொடுத்தால் கீழே. மறுபடி மேலே ஏற்றிக் கப்ளரைக் கழற்றிவிட்டேன், இனி யாரும் இறக்க முடியாது. ஆகவே "மோட்டார் வீக்" என்று சொன்னது தப்பு. 7,400 ரூபாய்க்கு நல்ல மோட்டாரைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

மோட்டார் நல்லது, சுவிட்ச் நல்லது. அப்படியானால் என்னதான்?

கண்ணாடி வைத்தியன் | வியாழன், காலை 7:20

கதவுக்கும் பாடிக்கும் நடுவில், கீலுக்குப் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஒயரெல்லாம் அதற்குள்ளேதான் போகும். கதவு திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒயர் மடங்கும். பத்து வருஷத்தில் அறுந்துவிடும். இடக் கதவு ரப்பரைத் தள்ளிப் பாருங்கள்.

அல்சூர்க்காரன் | வியாழன், இரவு 9:15

ரப்பரை இழுத்துப் பார்த்தேன். எல்லா ஒயரும் புதுசு மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றாக இழுத்தும் பார்த்தேன். மல்டிமீட்டரில் சுவிட்ச் கப்ளருக்குப் பன்னிரண்டரை வோல்ட் வருகிறது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அசெம்பிளிக்கே சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

பழைய ஒயர்மேன் | வியாழன், இரவு 11:05

எல்லோரும் இடக் கதவையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் பதிவை இன்னொரு முறை படியுங்கள். ஆடுகோடியில் காற்று பிடிக்க இறங்கினேன், அப்போது ஏறியது என்கிறார்.

தம்பி, நீங்கள் இறங்கி நின்றபோது எந்தக் கதவு திறந்திருந்தது?

முப்பத்தோரு வருஷம் இதே ஊரில் வண்டி ஒயரிங் பார்த்தவன், சொல்கிறேன். மோட்டாருக்கு இரண்டு ஒயர். ஒன்றில் பேட்டரி, இன்னொன்றில் எர்த், அதாவது கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிற வழி. மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் ஓடும். இது எல்லோருக்கும் தெரியும். அந்த எர்த் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் மெக்கானிக்கில் பாதிப் பேர் விழிப்பார்கள். இடக் கதவிலேயே ஒரு எர்த் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். பல வண்டிகளில் அங்கே கிடையாது. இடக் கதவு சுவிட்சிலிருந்து இரண்டு ஒயர் கிளம்பி, டேஷ்போர்டுக்கு அடியில் போய், வலக் கதவுக்குள் நுழைந்து, டிரைவர் சுவிட்சில் முடிகிறது. யாரும் அழுத்தாமல் இருக்கும்போது டிரைவர் சுவிட்ச் அந்த இரண்டு ஒயரையும் எர்த்தில் தொட வைத்திருக்கும். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் அழுத்தினால் பேட்டரி அவர் கதவிலேயே கிடைத்துவிடும். எர்த் மட்டும் வண்டியின் அகலத்தைக் கடந்து உங்கள் கதவுக்குள் போய்ச் சேர வேண்டும்.

அந்த இரண்டு ஒயரில், ஏற்றும்போது பேட்டரி ஓடுவதை அ என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது பேட்டரி ஓடுவது ஆ. டிரைவர் சுவிட்சுக்கும் இடச் சுவிட்சுக்கும் நடுவில் எங்கேயோ ஆ அறுந்துவிட்டது. இப்போது இடச் சுவிட்சில் இறக்கினால் என்ன ஆகும்? பேட்டரி அங்கேயே இருக்கிறது, எர்த் அ வழியாகக் கிடைக்கிறது, இறங்கும். ஏற்றினால் எர்த் ஆ வழியாகக் கிடைக்க வேண்டும், கிடைக்காது. டிரைவர் சுவிட்சில் எந்தப் பக்கம் அழுத்தினாலும் அ, ஆ இரண்டும் வேண்டும், ஆகவே இரண்டு பக்கமும் செத்துவிடும். நீங்கள் திங்கட்கிழமை எழுதியது அச்சாக இதுதான். சர்வீஸ் சென்டரில் இதை யோசிக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, ஆனால் அசெம்பிளி எழுத ஒரு நிமிஷம் போதுமே.

நாளைக்குக் கப்ளரை மாட்டிவிட்டு, சாவியை ஆனில் வைத்து, டிரைவர் கதவை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு யாரையாவது இடப்பக்கம் ஏற்று-இறக்கு செய்யச் சொல்லுங்கள். அப்புறம் கதவை மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டே வாருங்கள்.

மீட்டரை நம்பிப் போனதும் சரியில்லை. மீட்டருக்குக் கரண்டே வேண்டாம். முப்பது இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பன்னிரண்டு காட்டும், ஆனால் அதில் மோட்டார் ஓடாது. பல்பு வைத்துப் பார்க்க வேண்டும். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று போதும், பிரகாசமாக எரிந்தால் ஒயர் நல்லது, மினுக்கினால் பாதி அறுந்திருக்கிறது. இடச் சுவிட்சின் கப்ளரைக் கழற்றி, பல்பின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறு முனையை அந்த இரண்டு ஒயரில் ஒவ்வொன்றிலும் வைத்தால் இரண்டிலும் எரிய வேண்டும். எரியாதது எதுவோ அதுதான் ஆள்.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் பலவற்றில் கதவுக்குள்ளேயே ஒரு சின்ன கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும், சுவிட்ச் தகவல் மட்டும்தான் அனுப்பும். அதில் பல்பை வைத்து விளையாட வேண்டாம்.

கண்ணாடி வைத்தியன் | வெள்ளி, காலை 7:05

ஐயா சொன்ன பிறகுதான் எனக்கே உறைக்கிறது. காற்று பிடித்த கதையை நான் சும்மா தாண்டிப் போய்விட்டேன்.

அல்சூர்க்காரன் | சனி, மதியம் 1:30

ஐயா, உங்கள் காலைக் கொடுங்கள்.

டிரைவர் கதவு முழுசாகத் திறந்திருக்கும்போது இடக் கண்ணாடி ஏறுகிறது, இறங்குகிறது, என் சுவிட்சிலும்கூட. பாதி சாத்தினால் செத்துவிடுகிறது. மகள் உள்ளே அழுத்த, நான் வெளியே கதவை ஆட்ட, மாடியிலிருந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

வலக் கதவு ரப்பரைத் தள்ளினேன். வெளியே பார்த்தால் எல்லா ஒயரும் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தபோது, பச்சைக் கோட்டு ஒயர் ஒன்று ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. மேல்தோல் அப்படியே இருக்கிறது, உள்ளே செம்பு துண்டாகிவிட்டது. கதவைத் திறந்தால் முனைகள் தொட்டுக்கொள்கின்றன, மூடினால் பிரிகின்றன. அதற்கு அடுத்த ஒயரில் நாலைந்து இழைதான் மிச்சம்.

இப்போது இதை முறுக்கி டேப் சுற்றிவிட்டால் போதுமா?

பழைய ஒயர்மேன் | சனி, மதியம் 2:10

போதாது. அடுத்த மழைக்காலத்தில் மறுபடி இங்கே எழுதுவீர்கள்.

அறுந்த இடத்திலேயே சால்டர் வைத்தாலும் அப்படித்தான். ஈயம் ஏறிய இடம் குச்சி மாதிரி விறைத்துவிடும், மடங்காது, விளிம்பிலேயே ஒடியும். மடங்குகிற இடத்தில் இணைப்பே வரக்கூடாது. ரப்பருக்கு அந்தப் பக்கம் ஒரு சாண், இந்தப் பக்கம் ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் முழுத் துண்டாகப் புது ஒயர் போடுங்கள். சின்னச் சின்ன இழை நிறைய உள்ள, வளைந்து கொடுக்கிற ஒயராகக் கேட்டு வாங்குங்கள், சிலிக்கான் தோல் போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய ஒயரைவிட மெலிசாக இருக்கக்கூடாது. இரண்டு முனையிலும் சால்டர் வைத்து, சுருங்கு ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் முன்னும் பின்னுமாக வரட்டும். கொஞ்சம் தளர்வு விட வேண்டும், கதவை முழுசாகத் திறந்தாலும் ஒயர் விறைக்கக் கூடாது. வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். அந்தக் கதவில் ஸ்பீக்கர், லாக், கண்ணாடி எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று. மூன்று கதவுக்கு இரண்டிரண்டாக ஆறு ஒயர் அதே ரப்பருக்குள் போகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வயசு. கை வைத்தது வைத்தாயிற்று, ஆறையும் மாற்றிவிடுங்கள்.

புதுவண்டி | சனி, மாலை 5:44

இந்தப் பதிவுக்குக் கீழே கேட்கலாமா தெரியவில்லை. என் வண்டியில் ஒயரெல்லாம் சரி, ஆனால் கண்ணாடி மெதுவாக ஏறுகிறது, கிறீச் என்கிறது. அப்பா ரப்பரில் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். விட்டேன். ஒரு வாரம் வெண்ணெய் மாதிரி போனது, இப்போது முன்னைவிட மோசம்.

கண்ணாடி வைத்தியன் | சனி, மாலை 6:30

எண்ணெய் விட்டால் தூசி வந்து ஒட்டும். பெங்களூரில் எந்த ரோட்டைத் தோண்டாமல் விட்டு வைத்திருக்கிறார்கள்? எண்ணெயும் தூசியும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். கண்ணாடியில் செங்குத்தாகக் கீறல் விழுவது அதனால்தான். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் அதைவிட மோசம், ரப்பரை ஊதிப்போக வைக்கும். துரு விடுவிக்கிற ஸ்பிரேயைச் சிலர் அடிப்பார்கள், ஒரு வாரத்தில் காய்ந்துவிடும்.

கண்ணாடியை முழுசாக இறக்குங்கள். ஐஸ்கிரீம் குச்சியில் துணி சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, அந்தக் கால்வாய் மாதிரி இருக்கும் ரப்பருக்குள் மேலும் கீழுமாக இழுங்கள். முதல் துணி தார் மாதிரி வரும். துணி வெளுப்பாக வரும் வரைக்கும் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே, உள்ளே மட்டும், மெலிதாக. கண்ணாடியில் பட்டால் துடைத்துவிடுங்கள், ராத்திரி எதிர் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறை, வெயில் தொடங்கும் முன்னும் மழை முடிந்த பின்னும் செய்தால் போதும். தண்டவாளத்துக்குத்தான் வெள்ளை லித்தியம் கிரீஸ், அதைப் பேட் கழற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மெதுவாக ஏறுகிற கண்ணாடியைச் சும்மா விடாதீர்கள். மோட்டார் நல்ல நிலையில் ஐந்தாறு ஆம்பியர் எடுக்கும், ரப்பர் பிடித்துக்கொண்டால் அதுபோல இரண்டு மூன்று மடங்கு. மோட்டாருக்குள் சூடேறினால் தானே நிறுத்திக்கொள்கிற சின்னப் பாதுகாப்பு உண்டு. நான்கைந்து முறை ஏற்றி இறக்கி விளையாடினால் நின்றுவிடும், ஆறினதும் ஓடும். அதைப் பார்த்து மோட்டார் போய்விட்டது என்று வருகிறவர்கள் நிறைய.

பழைய வண்டி வாங்கியவர்கள் கண்ணாடியில் ஃபிலிம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்த பிறகு அவசர அவசரமாகப் பிய்த்தவர்கள், கீழ் ஓரத்தில் ஒரு பட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். அது சுருண்டு ரப்பரில் மாட்டிக்கொள்கிறது.

பழைய ஒயர்மேன் | சனி, இரவு 7:15

எண்ணெயால் கண்ணாடி ஏறிய காலமும் உண்டு. 1940இல் பேக்கார்ட் கார்களில் பவர் விண்டோ வந்தபோது கண்ணாடியைத் தூக்கியது எண்ணெய் அழுத்தம்தான். ஆனால் அந்த எண்ணெய் குழாய்க்குள் இருந்தது, தேங்காயிலிருந்தும் வரவில்லை.

கே.ஜி.எஃப். ரயில் | சனி, இரவு 8:20

சிரித்துவிட்டேன் ஐயா.

சின்னக் குழந்தை உள்ளவர்கள் டிரைவர் பக்கத்து விண்டோ லாக் பட்டனை அழுத்தி வையுங்கள். என் பெரியவன் மூன்று வயசில் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, முழங்காலைச் சுவிட்சில் ஊன்றினான். அது தட்டினால் ஏறுகிற வகைச் சுவிட்ச். நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன். இழுத்தால் மட்டும் ஏறுகிற சுவிட்ச் வந்ததே இதற்காகத்தான். ஒரே தட்டில் தானாக ஏறும் வண்டிகளில் தடை பட்டால் திரும்பி இறங்க வேண்டும், அதற்கான வரம்பு 100 நியூட்டன், ஏறக்குறைய பத்துக் கிலோ எடை அழுத்துகிற அளவு. கடைகளில் வெளியிலிருந்து வாங்கி மாட்டுகிற "ஒன் டச்" பெட்டிகள் பலவற்றில் இந்தத் திரும்புகிற வேலை இருக்காது. நான் மாட்ட மாட்டேன். பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு ஒன் டச் வேலை செய்யவில்லை என்றால் பயப்பட வேண்டாம், கண்ணாடியை முழுசாக இறக்கி, முழுசாக ஏற்றி, சுவிட்சைச் சில செகண்ட் பிடித்திருந்தால் பெரும்பாலான வண்டிகளில் மறுபடி கற்றுக்கொள்ளும். செய்முறை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும்.

2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் கார் மூழ்கி ஒரு பெண் இறந்ததற்குப் பிறகு மழையில் நான் எந்தச் சுரங்கப்பாதையிலும் இறங்குவதில்லை. தவறி மாட்டிக்கொண்டால் முதல் வேலை கண்ணாடியை இறக்குவது. தண்ணீர் கண்ணாடி வரை வந்துவிட்டால் அதன் அழுத்தத்தில் மோட்டாரால் இழுக்க முடியாது. அதனால்தான் இறங்காத கண்ணாடியை "அப்புறம் பார்க்கலாம்" என்று விடக்கூடாது என்கிறேன். ஏறாத கண்ணாடியால் நனைவதோடு போகும்.

அல்சூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9:00

முடிந்தது. சாமான் செலவு: ஒயர், ஸ்லீவ், கிளிப், ஒரு புது டேப் எல்லாம் சேர்த்து 340 ரூபாய். சால்டரிங் கம்பி மகளின் கல்லூரி புராஜெக்டுக்கு வாங்கியது. முதுகுவலிக்குத் தைலம் தனி.

இரண்டு ஒயரை மாற்றினேன். மற்ற நான்கையும் இழுத்துப் பார்த்தேன், கெட்டியாக இருந்தன, இருட்டிவிட்டது, விட்டுவிட்டேன். இடக் கண்ணாடி இரண்டு சுவிட்சிலும் ஏறி இறங்குகிறது. எல்லோருக்கும் நன்றி.

அல்சூர்க்காரன் | அடுத்த வியாழன், காலை 8:10

மறுபடி நான்தான். நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் இடப்பக்கம் கால் மிதியடி சதசதவென்று நனைந்திருக்கிறது. கண்ணாடி முழுசாக மூடித்தான் இருந்தது.

கண்ணாடி வைத்தியன் | அடுத்த வியாழன், காலை 8:35

பிளாஸ்டிக் தாளை எப்படி ஒட்டினீர்கள்?

அல்சூர்க்காரன் | அடுத்த வியாழன், காலை 8:41

பசை பிடிக்கவில்லை. செல்லோ டேப்பில் நாலு மூலையில்...

கண்ணாடி வைத்தியன் | அடுத்த வியாழன், காலை 9:10

சரிதான். கண்ணாடியில் வழிகிற மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், எல்லாக் கார்களிலும் அப்படித்தான். அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தாள்தான் தண்ணீர் பேட் பக்கம் வராமல் தடுக்கிறது. தாளின் கீழ் ஓரம் கதவுத் தகரத்துக்கு உள்பக்கம் செருகியிருக்க வேண்டும், வெளியே தொங்கக்கூடாது. பியூட்டைல் டேப் என்று கேளுங்கள், கறுப்பாக, சூயிங் கம் மாதிரி ஒட்டும். பழைய பசையைத் துடைத்துவிட்டுச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். அடி ஓட்டைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். மிதியடியைத் தூக்கி வெயிலில் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் போகாது.

அல்சூர்க்காரன் | அடுத்த சனி, மாலை 6:25

டேப் ஒட்டியாயிற்று. ஹோஸ் பைப்பில் பத்து நிமிஷம் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், உள்ளே ஒரு சொட்டு இல்லை.

பழைய ஒயர்மேன் | அடுத்த சனி, இரவு 7:00

நல்லது. அந்த மிச்சம் நாலு ஒயர்?

அல்சூர்க்காரன் | இருபது நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8:50

ஐயா, பின் இடப்பக்கக் கண்ணாடி நேற்றிலிருந்து அதன் சுவிட்சில் இறங்குகிறது, ஏறவில்லை. என் கதவைத் திறந்தால் ஏறுகிறது. ஒயர் மூன்று மீட்டர் வாங்கிவிட்டேன், சனிக்கிழமை மறுபடி ரப்பரைக் கழற்றுகிறேன்.